இரண்டு படங்களுக்கு இடையே ஓடும் கடல்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், உள்நாட்டுக்குள் விரைந்து சென்று மெலியாமல் பல மணி நேரம் அங்கேயே நிலைகொண்டு பொழிந்ததனால், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. திண்டிவனம், வானூர் வட்டாரங்களில் பெய்த நீர் ஏரிக்கு ஏரி நிரம்பி வழிந்து, கழுவெளியில் கூடி, இடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியாகக் கடலை நாடிற்று. செஞ்சி மலைப்பக்கத்து நீர் சங்கராபரணியாகப் புதுச்சேரிக்குத் தெற்கே இறங்கிற்று. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருவெள்ளமோ தென்பெண்ணையில் புரண்டு, விழுப்புரம் மாவட்டத்து வயல்களையும் ஊர்களையும் மூழ்கடித்துக் கடலூர் அருகே சமுத்திரத்தில் கலந்தது. இந்நீர் தெளிநீராகச் செல்லவில்லை. நம் நிலத்தின் செம்மண்ணையும் வண்டலையும் சுமந்துகொண்டே சென்றது. கடலுக்குள் புகுந்த அம்மண்ணை எந்தத் திசையில், எத்துணை வேகத்தில் கடல் கொண்டுபோகிறது என்பதைத் தரையில் நிற்பவர் எவரும் காண இயலாது. வானத்திலிருந்து நோக்கும் கருவி அதனைக் காண்கிறதா என்பதே இந்த அத்தியாயத்தின் விசாரணை.

இவ்விசாரணைக்கு முகவுரையாக நம் பழைய தர்க்க நூலார் வகுத்த ஒரு பாகுபாட்டை நினைவுகூர்வது பொருத்தமாகும். கண்ணாற் கண்டறிவது பிரத்தியட்சம். கண்டதை ஏதுவாகக் கொண்டு காணாததைத் துணிவது அனுமானம். மணிமேகலை இந்த அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என்று மூன்றாகப் பிரித்து, ஆற்றில் வரும் வெள்ளத்தைக் கண்டு மலைமேல் மழை பெய்திருக்கிறது என்று துணிவதை எச்சத்திற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. வடமொழி நியாய நூலின் உரைகாரரான வாத்ஸ்யாயனர், சூரியனை முன்னர் ஓரிடத்திலும் பின்னர் வேறோரிடத்திலும் காண்பதனால் அது நகர்கிறது என்று அறிவதை மற்றொரு வகைக்கு உதாரணமாக்குகிறார். இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளையும் ஒன்றாக இணைத்து வைத்தால், செயற்கைக்கோள் படங்களிலிருந்து கடல் நீரோட்டத்தை அளக்கும் இன்றைய விஞ்ஞானத்தின் உயிர்நிலை நம் கைக்குக் கிடைத்துவிடுகிறது. செயற்கைக்கோள் நீரோட்டத்தைக் காண்பதில்லை. நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் மேற்பரப்பின் உயரத்தையும் காண்கிறது. ஓட்டம் என்பது அவற்றிலிருந்து மனித அறிவு செய்யும் துணிபு. ஆகவே அத்துணிபு எந்த அளவுக்கு உறுதியானது, எங்கே தவறக்கூடும், அதற்கு வேறு சாட்சி உண்டா என்ற கேள்விகளைக் கேட்காமல், வரைபடத்தில் தீட்டிய அம்புக்குறிகளை மட்டும் பார்த்து வியப்பது அறிவியலாகாது.

முதலில் கடலைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தின் கரை, வடக்கே மரக்காணத்தின் உப்பளங்களிலிருந்து தெற்கே புதுச்சேரியின் எல்லை வரை ஏறத்தாழ 40 கி.மீ. நீளமுள்ள குறுகிய கரையே. ஆயினும் பழமையில் அது குறைந்ததன்று. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது என்பதும், அந்நூல் கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பதும் அறிஞர் பலர் கொண்ட முடிபு. இக்கரைக்கு எதிரே ஓடும் பிரவாகத்துக்குக் கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் என்று பெயர். உலகின் பெரிய கரையோர நீரோட்டங்களுள் பல ஆண்டு முழுவதும் ஒரே திசையில் ஓட, இதுவோ பருவக்காற்றுகளின் போக்குக்கு ஏற்பத் திசை மாறும் இயல்புடையது. மாசி தொடங்கி வடக்கு நோக்கி ஓடி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் வலிமையின் உச்சத்தை அடைகிறது; அக்டோபரில் திரும்பி, நவம்பரில் வங்கக் கடலின் மேற்குக் கரை நெடுகிலும் தெற்கு நோக்கி விரைந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய உவர்ப்புக் குறைந்த நீரை இலங்கை வரை கொண்டு சேர்க்கிறது. இதன் காரணத்தை ஆராய்ந்த கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் பிறரும், கரையில் வீசும் காற்று ஒன்றே இதனைச் செலுத்துவதில்லை என்று நிறுவினார்கள். வங்கக் கடலின் நடுவே வீசும் காற்றும், தொலைவிலுள்ள நிலநடுக்கோட்டுப் பிரதேசத்தில் எழுந்து விரிகுடாவின் விளிம்பைச் சுற்றிவரும் நெடிய அலைகளும் இதில் பங்குகொள்கின்றன. மரக்காணத்திலோ அனுமந்தையிலோ படகைத் தள்ளும் மீனவர், இறக்கிய வலை எப்பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டே வெள்ளத்தின் திசையை உணர்ந்து தொழில் செய்கிறார். அந்த வெள்ளத்தைச் செலுத்தும் காரணங்களுள் ஒன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இத்தகைய ஓட்டத்தை மாலுமிகள் நெடுங்காலம் ஒரே வழியில்தான் அளந்துவந்தனர். கப்பல் சென்ற திசையையும் வேகத்தையும் கொண்டு அது இருக்கவேண்டிய இடத்தைக் கணக்கிடுவர். சூரியனையும் நட்சத்திரங்களையும் நோக்கி அது உண்மையில் இருக்கும் இடத்தை நிர்ணயிப்பர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடலின் செயலாகக் கொள்வர். வங்காளத்தின் முதல் தலைமை நில அளவையாளராக இருந்த ஜேம்ஸ் ரென்னல், கங்கைச் சமவெளியை அளந்து முடித்துத் தாயகம் திரும்பிய பின்னர், எண்ணற்ற கப்பல்களின் நாட்குறிப்புகளிலிருந்து இத்தகைய வேறுபாடுகளைத் திரட்டி அட்லாண்டிக் சமுத்திரத்தின் நீரோட்டங்களை ஆராய்ந்தார்; அவர் மறைந்தபின் 1832இல் அந்நூல் வெளிவந்தது. ரென்னலின் முறையிலும் ஓட்டத்தை எவரும் கண்ணாற் காணவில்லை. இரண்டு இடங்களின் வேறுபாட்டிலிருந்து அது துணியப்பட்டது. செயற்கைக்கோள் யுகம் அந்த முறையின் தர்க்கத்தை மாற்றவில்லை. அது தொழிற்படும் பரப்பை விரித்ததே அதன் பெருஞ்செயல். ஒரு கப்பல் தான் சென்ற கோட்டின்மேல் மட்டுமே சாட்சி கூறும். ஒரு படமோ கரை முழுவதையும் ஒரே நொடிப்பொழுதில் சாட்சியாக்குகிறது.

அந்தப் படத்தில் இருப்பது யாது? 1999ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-1, கடலாராய்ச்சிக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோளாகும். 720 கி.மீ. உயரத்தில் சுற்றிய அதன் கடல்வண்ணக் கருவி, 1,420 கி.மீ. அகலமுள்ள பரப்பை எட்டு வெவ்வேறு ஒளிப்பட்டைகளில் நோக்கிற்று. அதன் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 360 மீட்டர். ஒரே இடத்துக்கு அது இரண்டு நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வந்தது. தூய ஆழ்கடல் நீர் நீலக் கிரணங்களைத் திருப்பியனுப்புகிறது; நுண்ணுயிர்த் தாவரங்களின் பச்சையம் நீலத்தை உண்டு பச்சையை விடுகிறது; ஆறு கொணர்ந்த வண்டல் சிவப்பையும் மஞ்சளையும் மிகுதியாகச் சிதறச்செய்கிறது. கருவியை அடையும் ஒளியில் மிகப் பெரும்பகுதி காற்றுமண்டலத்தில் சிதறியதே ஆகையால், முதலில் அதனைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு, எஞ்சிய சிறுபகுதியிலிருந்துதான் பச்சையத்தின் அளவையும் வண்டலின் அளவையும் பிரித்தெடுக்கிறார்கள். இதுபோலவே அகச்சிவப்புக் கிரணங்களை நோக்கும் வேறு கருவிகள் நீரின் மேற்பரப்பு உஷ்ணத்தை வரைந்து தருகின்றன. இப்படங்களில் கடல் ஒருபோதும் ஒரே நிறமாக இருப்பதில்லை. நாக்குகளும் சுழிகளும் இழைகளும் விரவிய கோலமே கடலின் முகம். அந்தக் கோலமே நமக்கு ஏது.

ஏதுவிலிருந்து துணிபுக்குச் செல்லும் வழியை இனிக் காண்போம். செஞ்சி ராஜகிரியின் உச்சியில் நிற்கும் ஒருவர், கீழே வெட்டவெளியில் மேயும் ஆட்டுமந்தையைப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு படங்கள் எடுத்தால், தனித்தனி ஆட்டை அடையாளம் காண முடியாவிட்டாலும், கருப்பும் வெள்ளையும் கலந்த மந்தையின் மொத்த வடிவைக் கொண்டு அது எங்கிருந்து எங்கே சென்றது என்று கூறிவிடலாம். கணிப்பொறி கடலில் செய்வதும் இதுவே. முதற் படத்தில் இருபது புள்ளி நீளமும் இருபது புள்ளி அகலமும் உள்ள ஒரு சிறு சதுரத்தை எடுத்துக்கொள்கிறது; சில மணி நேரம் கழித்து எடுத்த இரண்டாம் படத்தில், அதே இடத்தைச் சுற்றிலும் அதே அளவுள்ள சதுரங்களை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி வைத்து, இரண்டு சதுரங்களின் ஒளியளவுகளும் எத்துணை ஒத்துப்போகின்றன என்பதைப் புள்ளியியலார் ஒட்டுறவுக் கெழு என்று வழங்கும் எண்ணால் அளக்கிறது. அந்த எண் எங்கே உச்சத்தை அடைகிறதோ அங்கே அந்த நீர்ப்பகுதி சென்று சேர்ந்தது என்பது துணிபு. பெயர்ந்த தூரத்தைக் காலத்தால் வகுக்க வேகம் கிடைக்கிறது. மேகங்களின் பெயர்ச்சியிலிருந்து காற்றை அளக்க வானிலையாளர் முன்பே கையாண்ட இந்த உச்ச ஒட்டுறவு முறையை, 1986இல் எமரி என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் கனடாவின் மேற்குக் கரைக்கு எதிரேயுள்ள கடலின் வெப்பப் படங்களில் பயன்படுத்தி, கண்ணால் மதிப்பிடும் பழக்கத்துக்கு மாற்றாக, எவர் செய்தாலும் ஒரே விடை தரும் கணிதமுறையாக நிலைநாட்டினார்கள்.

இந்தியாவில் ஆமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தைச் சார்ந்த விஞ்ஞானிகள், ஓஷன்சாட்-1 எடுத்த அடுத்தடுத்த படங்களில் வண்டல் பரவிய கோலங்களை இவ்வாறு பொருத்திப் பார்த்து, நம் கிழக்கு, மேற்குக் கரைகளின் சில பகுதிகளில் மேற்பரப்பு நீரோட்டத்தைக் கணித்து 2002இல் வெளியிட்டார்கள். வெப்பத்தை விட்டு வண்டலை அவர்கள் நாடியதில் பெரிய நியாயம் இருக்கிறது. கனடாக் கரையில் குளிர்நீரும் வெதுநீரும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நம் கடலிலோ வெயில் ஏறும் மாதங்களில் மேற்பரப்பு எங்கும் ஏறத்தாழ ஒரே வெம்மையாகிவிடுவதால், வெப்பப் படம் எழுத்தழிந்த ஏடாகப் போய்விடுகிறது. மலையிலிருந்தும் வயலிலிருந்தும் பெயர்ந்த மண், விவசாயிக்கு நஷ்டமாயினும், கடலை அடைந்தபின் அதன் ஓட்டத்தை எழுதிக்காட்டும் மையாகிறது.

ஆயினும் ஏதுவைப் போலத் தோன்றி ஏமாற்றுவனவற்றையும் தர்க்க நூலார் விரித்துரைத்திருக்கிறார்கள். காண்பது புகையா பனியா என்ற ஐயம் தீராமலே அங்கே நெருப்பு உண்டென்று முடிவுகட்டுவதை மணிமேகலை குற்றங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. கடற்படத்திலும் இத்தகைய போலிகள் பல உள்ளன. அலை எழும்பும்போது அடியில் கிடந்த சேறு கலங்கி மேலே வருவதுண்டு. அது இருந்த இடத்திலேயே தோன்றிய நிறமாற்றமே ஒழிய ஓட்டம் ஆகாது. நுண்ணுயிர்த் தாவரங்கள் ஓரிரு நாட்களில் பெருகியும் மடிந்தும் பச்சையத்தின் எல்லையை மாற்றிவிடுகின்றன. கால இடைவெளி மற்றோர் இடர். நொடிக்கு அரை மீட்டர் ஓடும் நீர் ஒரு மணி நேரத்தில் 1.8 கி.மீ., அதாவது 360 மீட்டர்ப் புள்ளிகளில் ஐந்து புள்ளிகள் பெயரும். இரண்டு நாட்களிலோ 86 கி.மீ. பெயர்ந்து, அதற்குள் சுழன்றும் கிழிந்தும் பழைய வடிவை இழந்துவிடும். இடைவெளியைச் சுருக்கினால் வேறொரு துன்பம் எழுகிறது. மூன்று மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பொருத்துவதில் ஒரு கிலோமீட்டர் பிசகினால், நின்ற நீரும் நொடிக்கு 9 செ.மீ. வேகத்தில் ஓடுவதாகத் தோன்றும். மேலும், வண்டல் நீருக்கும் தெளிநீருக்கும் இடையேயுள்ள எல்லை நேர்கோடாக நீண்டு கிடக்குமானால், அக்கோட்டுக்குக் குறுக்கே நேரும் பெயர்ச்சியை மட்டுமே படம் காட்டும். கோட்டின் நெடுகிலும் நீர் எத்துணை விரைவாக ஓடினாலும் அதன் சுவடு படத்தில் விழாது. நம் நீரோட்டம் கரையை ஒட்டியே ஓடுவது; எல்லையும் பெரும்பாலும் கரைக்கு இணையாகவே கிடப்பது; ஆகவே இக்குறை நமக்கு மிகவும் இன்றியமையாத திசையிலேயே நேர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெற்கு நோக்கிய ஓட்டம் உச்சம் பெறும் நவம்பர் மாதமே மேகங்கள் மிகுந்த மாதமுமாகும். மேகத்தை ஊடுருவிக் காணும் வல்லமை ஒளிக்கருவிக்கு இல்லை.

இக்குறைகளைக் கண்ட விஞ்ஞானம் முற்றிலும் வேறானதோர் ஏதுவையும் தேடிக்கொண்டது. அது நீர்ப்பரப்பின் சாய்வு. சுழலும் பூமியின்மேல் பெருநீரோட்டம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராகப் பாயாமல், வடகோளத்தில் மேட்டைத் தன் வலப்புறத்தில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடுகிறது. மார்ச் மாதத்தில் வடக்கு நோக்கி ஓடும்போது கரையோர நீர்மட்டம் தாழ்ந்தும் நவம்பரில் தெற்கு நோக்கி ஓடும்போது உயர்ந்தும் இருப்பதற்கு இதுவே காரணம். 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 25இல் இந்தியாவும் பிரான்சும் கூட்டாக ஏவிய சரள் போன்ற செயற்கைக்கோள்கள், மேகத்தால் தடைபடாத ரேடார்த் துடிப்பைக் கீழே அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு கடல்மட்டத்தைச் சென்டிமீட்டர்க் கணக்கில் அளக்கின்றன. மரக்காணம் இருக்கும் 12 பாகை அட்சரேகையில், 100 கி.மீ. தூரத்துக்கு 10 செ.மீ. என்ற அற்பமான சாய்வும் நொடிக்கு ஏறத்தாழ 32 செ.மீ. ஓட்டத்தைக் குறிக்கிறது; லண்டனின் அட்சரேகையில் அதே சாய்வு 9 செ.மீ. ஓட்டத்தையே குறிக்கும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சிறு சாய்வுக்கும் பெரு ஓட்டம் என்பதனால், உயரத்தை அளப்பதில் நேரும் சிறு பிழையும் நம் கடலில் பெரும் பிழையாகப் பெருகுகிறது. அன்றியும் கரையை நெருங்கியதும் நிலத்திலிருந்து திரும்பும் எதிரொலி ரேடார்த் துடிப்பில் கலந்துவிடுவதால், சிறுபடகுகள் தொழில் செய்யும் பட்டையிலேயே இம்முறையின் வலிமை தளர்கிறது.

ஆகவே நிலத்திலிருந்தே ஒரு சாட்சி தேவையாயிற்று. அது நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியக் கரைகளில் இரட்டை இரட்டையாக நிறுவிய ரேடார் நிலையங்களுள், தமிழ்நாட்டு இரட்டை கல்பாக்கத்திலும் கடலூரிலும் உள்ளது. விழுப்புரம் மாவட்டக் கடல் இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. ஏறத்தாழ 4.4 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அவற்றின் வானொலி அலையின் நீளம் 68 மீட்டர். அதில் சரிபாதியான 34 மீட்டர் நீளமுள்ள கடலலைகளில் பட்டுத் தெறிக்கும் பகுதிகள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு திரும்பி வருகின்றன. அசைவற்ற நீரின்மேல் அந்நீள அலை நொடிக்கு 7.3 மீட்டர் செல்லும் என்பதை இயற்பியல் திட்டமாகக் கூறுகிறது. திரும்பி வந்த எதிரொலியில் அதைவிட மிகுதியோ குறைவோ தென்பட்டால், அந்த வேறுபாடு அலையைச் சுமந்துசெல்லும் நீரின் ஓட்டமே. ஒரு நிலையம் தன்னை நோக்கி வரும் அல்லது தன்னைவிட்டு விலகும் வேகத்தை மட்டுமே அறியும். இரண்டு நிலையங்கள் இரண்டு கோணங்களிலிருந்து நோக்கும்போது திசையும் வேகமும் முழுமையாகக் கிடைக்கின்றன. இதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு நிலையங்களையும் இணைக்கும் நேர்கோட்டின் அருகே இருவர் பார்வையும் ஒரே திசையினதாகிவிடுவதால், அக்கோட்டுக்குக் குறுக்கான ஓட்டம் அங்கே அறியப்படாது. மரக்காணத்துக்கு எதிரே கரையை ஒட்டிய கடல் ஏறக்குறைய அந்தக் கோட்டின்மேலேயே இருக்கிறது. கரைநெடுக ஓடும் வெள்ளத்தை ரேடார் அங்கே நன்றாகக் காணும். கரையை நோக்கி வரும், கரையை விட்டு விலகும் அசைவைக் காணாது. வண்டல் எல்லையோ, மேலே கண்டவாறு, குறுக்கான அந்த அசைவையே நன்றாகக் காட்டவல்லது. ஒரு சாட்சி தவறவிடுவதை மற்றொரு சாட்சி கண்டிருக்கிறது; ஆதலால் இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவதைக் காட்டிலும் இரண்டையும் ஒருங்கே கேட்பதே அறிவுடைமை.

இவ்விடத்தில் மக்களிடையே நிலவும் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின்னர், வடக்கேயுள்ள கரை தேய்ந்து, கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை மணற்பரப்பைக் கடல் அரித்தது. இதனை நீரோட்டத்தின் செயலென்று பலர் கூறுகிறார்கள். இம்மணலை ஆண்டுக்காண்டு வடக்கே கொண்டுசெல்வது, சாய்வாக வந்து கரையில் உடையும் அலைகள் சில நூறு மீட்டர் அகலத்துக்குள் எழுப்பும் தனியானதோர் ஓட்டம். பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள கரையோரப் பெருநீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும் ஆண்டிலும் மணலின் நிகரப் பயணம் வடக்காகவே இருக்கலாம். 360 மீட்டர்ப் புள்ளியுள்ள படத்தில் அந்தக் குறுகிய பட்டை ஓரிரு புள்ளிகளுக்குள் மறைந்துவிடும். ஒரு கருவி எந்த அளவிலான உண்மையைக் காணவல்லது என்பதை அறியாமல் அதனிடம் கேட்கும் கேள்விக்கு வரும் விடை, கரையோரத்து வீடுகளைக் காக்கப் பயன்படாது.

தக்க கேள்வியைக் கேட்போர்க்கு இவ்வறிவு அளிக்கும் பயன் மிகப் பெரிது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அது தெற்கே சென்னைக் கரையோரம் பரவிற்று. இத்தகைய வேளைகளில் எண்ணெய் நாளை எங்கே கரையேறும் என்று முன்கூட்டிச் சொல்ல, ஹைதராபாத்தின் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்துக்கு முதலில் வேண்டியது மேற்பரப்பு ஓட்டத்தின் நிலவரமே. இயந்திரம் பழுதாகி மிதந்துசெல்லும் படகைத் தேடுவோர்க்கும் அதுவே வழிகாட்டி. நொடிக்கு 50 செ.மீ. ஓடும் நீர் ஓர் இரவில், பன்னிரண்டு மணி நேரத்தில், படகை 21 கி.மீ.க்கு மேல் கொண்டுபோய்விடும். அந்தக் கணிப்பில் 10 செ.மீ. ஐயம் இருந்தால் தேட வேண்டிய பரப்பு கணித்த இடத்துக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் இருபுறமும் விரியும். மீட்கச் செல்வோர் அந்த ஐயத்தின் அளவையும் அறிந்திருந்தால்தான் எத்தனை படகுகளை எங்கெங்கே அனுப்புவது என்று திட்டமிட முடியும். ஆதலின், நீரோட்ட வரைபடத்தில் ஒவ்வோர் அம்புக்குறியோடும் அது எந்த ஏதுவிலிருந்து துணியப்பட்டது, எவ்வளவு பிழை கொண்டது என்பதையும் சேர்த்து, தமிழில், கரையோரத்து மக்களுக்கு எட்டும்வண்ணம் வெளியிடுவதை நம் ஆராய்ச்சி நிலையங்கள் தம் கடமையாகக் கொள்ளவேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

இதுவரை கூறிய யாவும் கடலின் மேற்பரப்பைப் பற்றியவையே. வண்டலின் நிறம் ஒளி புகும் சில மீட்டர் ஆழத்தையும், அகச்சிவப்புக் கிரணம் ஒரு மில்லிமீட்டரினும் குறைந்த மேற்தோலையும், கரை ரேடார் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தையும் தாண்டிச் சொல்வதில்லை. கடல்மட்டத்தின் சாய்வு மட்டுமே ஆழத்திலுள்ள நீரின் எடையையும் மறைமுகமாக உணர்த்துகிறது. மேலே தெற்கு நோக்கி ஓடும் நீருக்கு அடியில் நீர் வேறு திசையில் ஓடக்கூடும். அதனை அறிய, வானத்தை விட்டு நீருக்குள் இறங்கி ஆயிரக்கணக்கான மீட்டர் மூழ்கி எழும் மிதவைகளைத் துணைகொள்ள வேண்டும். அம்மிதவைகள் கூறுவதை அடுத்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.